சும்மா ஏறுகிற மலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலை ஏறும்போது, "மேலே என்ன சாமி?" என்று கேட்டேன். கூட வேலை செய்யும் தம்பி நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சாமிக்குன்னா பினாங்கு தண்ணீர்மலைக்குப் போவோம்ணே. இது சும்மா ஏறுற மலை."

சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்தவர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர். அவர் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. கெடாவில் என்னைச் சுற்றித் தமிழ்தான். காலையில் யாராவது ஒருவர் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஊர் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஆனால் மலையைச் சும்மா ஏற எனக்குத் தெரியாது. நம் கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரி என்றால் மாசியிலேயே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி, இருட்டோடு ஏற ஆரம்பித்து, வழியில் சுக்குக் காபி குடித்து, முன்னால் போகிறவர் "நமசிவாய" என்றால் பின்னால் வருகிறவரும் சொல்லி, ஏழாவது மலையில் குகைக்குள் குனிந்து லிங்கத்தைப் பார்ப்போம். அதற்கப்புறம்தான் கால் வலிப்பதே தெரியும்.

ஜெராய் மலை 1,217 மீட்டர். கெடாவின் வயல்வெளிக்கும் கடலுக்கும் நடுவில் தனியாக எழுந்து நிற்கிறது. மேலே விடுதி வரை தார்ச்சாலை உண்டு, பெரும்பாலோர் காரில்தான் போகிறார்கள். நாங்கள் மெர்போக் பக்கத்துக் காட்டு வழியைப் பிடித்தோம். கொஞ்ச நேரத்திலேயே வானம் மறைந்துவிட்டது. சில்வண்டு சத்தம் காதை அடைத்தது. கையை எங்கே வைத்தாலும் ஈரம், சட்டையைப் பிடித்து இழுக்கும் பிரம்பு முள். செங்குத்தான இடங்களில் வேர்தான் படி. அட்டை நமக்குப் புதிதா என்ன? உயரம் கூடக் கூட மரங்கள் குட்டையாகி, பாறையை ஒட்டிப் பூச்சி தின்னும் கெண்டிச் செடிகள் தொங்கின. தம்பி ஒரு கெண்டியின் மூடியை விரலால் தூக்கி, உள்ளே மிதந்த எறும்புகளைக் காட்டினார். அவருடைய அம்மா இட்லிப் பொடி தடவி இட்லி கட்டிக் கொடுத்திருந்தார். வாழையிலையைப் பிரித்ததும் வந்த வாசனையில் நான் பூண்டி அடிவாரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உச்சிக்குப் போக விடவில்லை. தகவல்தொடர்புக் கோபுரங்கள், வேலி. அதற்குக் கீழே நின்றுதான் பார்க்க முடிந்தது. மேற்கே நெல் வயல்கள் கடற்கரை வரை போகின்றன, அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை.

இறங்கியதும், "அண்ணே, நீங்க கேட்ட சாமி கீழேதான் இருந்திருக்கு" என்று பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். ஓடைக் கரையில் புக்கிட் பத்து பகாட் கோயில். கருங்கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். 1930களில் ஆங்கிலேயத் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி வெளிக்கொண்டுவந்ததை, 1960 வாக்கில் கற்களை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கருவறை இருந்த சதுரம், அதற்கு முன்னால் மண்டபம், மரத்தூண்களைத் தாங்கிய கற்கள். நம் ஊர்க் கோயிலில் நடப்பதுபோல் கால் தானாக வலம் வந்தது. விளக்கும் இல்லை, பூவும் இல்லை. பக்கத்து ஓடையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் "கடாரம் கொண்டான்" என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போன இடம் இதுதான். 1025ல் ராஜேந்திர சோழன் கப்பல் படை அனுப்பிய கடாரம், இன்றைய கெடா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. படையெடுப்புக்கு முன்பே நல்ல உறவும் இருந்தது. ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்பினான், அதற்கு ஆனைமங்கலம் கிராமம் தானமாகப் போனது. போரை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்து இதை விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு ஜெராய்தான் அடையாளம். கரை தெரிவதற்கு முன்பே மலை தெரியும். வாரக்கணக்கில் தண்ணீரை மட்டும் பார்த்து வந்தவன் அதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டிருக்க மாட்டானா? மலையைச் சும்மா விட அவனாலும் முடிந்திருக்காது. அதனால்தான் அதன் காலடியில் கல் எடுத்துக் கட்டினார்கள் என்று நம்புகிறேன். இதை நான் சொல்லச் சொல்லத் தம்பி பேசாமல் கேட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்தபோது ஓடையில் குளித்தது மட்டும்தான் தனக்கு நினைவிருக்கிறது என்றார்.

இந்தப் பக்கம் வேலைக்கு வரும் நம் ஆட்கள் விடுமுறை கிடைத்தால் லங்காவிக்குக் கப்பல் ஏறுகிறார்கள். போகட்டும். சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் அரை மணி நேரம்தான். முட்டி வலிக்கிறவர்கள் மலை ஏறக்கூட வேண்டாம். ஒரு காலை நேரத்தை இந்தக் கல் மேடைக்குக் கொடுங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.