பதற்றம் என்ற ஒரு சொல் போதாது

சென்ற ஆண்டு அப்பாவை அறுவைச் சிகிச்சைக்காக உள்ளே அழைத்துச் சென்ற பிறகு, வெளியே அமர்ந்திருந்த என்னிடம் செவிலியர் ஒருவர் வந்து, "பதட்டமா இருக்கா?" என்று கனிவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். பிறகுதான் யோசித்தேன்: பதறுவதற்குக் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்; ஓட வேண்டும், பணம் கட்ட வேண்டும், யாரையாவது அழைக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. எனக்கு இருந்தது தவிப்பு. தாகம் எடுக்கும்போது எங்கள் ஆச்சி "தண்ணி தவிக்குது" என்பாள். வேண்டியது கைக்கு எட்டும் வரை வேறு எதனாலும் அடங்காத அந்த வறட்சியைத்தான் அன்று உணர்ந்தேன்.

நிதானம் இழப்பதைச் சொல்லத் தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் பதற்றம் என்ற ஒன்றிலேயே போட்டு அடைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எல்லையில் பதற்றம், தேர்தல் காலத்தில் பதற்றமான வாக்குச்சாவடி, தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குப் பதற்றம். (மாறு என்பதிலிருந்து மாற்றம் வருவதுபோல் பதறு என்பதிலிருந்து பதற்றம் வருவதால் நான் அப்படி எழுதுகிறேன்; பேச்சில் பதட்டம் என்பவரைத் திருத்த விரும்பவில்லை.) பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி அந்தச் சொல்லின் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது: அவசரத்தில் கைகால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, செய்கிற வேலை குலைவதே பதற்றம்.

இந்தச் சொற்களின் வேறுபாட்டை அறிய, அவற்றை அடுத்து இயல்பாக வரும் வினையைப் பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம். பதறி ஓடினான் என்கிறோம். திகைத்து நின்றான், தடுமாறி விழுந்தான், தவித்துக் கிடந்தான் என்கிறோம். திகைப்பு உடலை நிறுத்திவிடுகிறது, தடுமாற்றம் காலடியைப் பறிக்கிறது. கலக்கம் நீரிலிருந்து வந்த சொல். ஆகவே கலங்கிய மனத்துக்கு எதிர்ச்சொல் தேடினால் அமைதியைவிடத் தெளிவு என்பதே பொருந்தும், குளத்தைப் போல அதைச் சற்று நேரம் கிளறாமல் விட்டாலே தெளிந்துவிடும்.

உடலுக்குள் நிகழ்வதைச் சொல்ல இரட்டைக்கிளவிகளை விஞ்ச வேறு சொற்கள் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, கால் வெடவெடக்கிறது, ஆள் வெலவெலத்துப் போகிறான். இரட்டைக்கிளவி இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். நடுக்கமும் அப்படித்தானே, ஒரே ஒரு துடிப்போடு எந்த நடுக்கமும் நிற்பதில்லை.

நாம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்ட ஒரு சொல் அலமரல். "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்று தொல்காப்பிய உரியியல் இதற்குப் பொருள் சொல்கிறது. நின்ற இடத்திலேயே உள்ளம் சுழல்வதைச் சொல்ல இதற்கு நிகரான சொல்லை இன்றைய வழக்கில் நான் கண்டதில்லை. திருவையாற்றுப் பதிகத்தில் திருஞானசம்பந்தர் இறக்கும் தறுவாயைப் பாடும்போது, ஐம்புலன்களும் பொறி கலங்கி, நெறி மயங்கி, அறிவழிந்து, கோழை மேலே உந்த, அதன் பிறகே "அலமந்த போதாக" என்கிறார். கலக்கத்தில் தொடங்கி மயக்கத்தின் வழியாக அலமரலில் முடியும் இந்த வரிசையில் எந்தச் சொல்லையும் இடம் மாற்ற முடியாது. அந்த வேளையில் "அஞ்சேல்" என்று ஒரு குரல் வர வேண்டும் என்று அவர் பாடியதன் முழு ஆழமும், அலமந்த என்ற சொல்லின் சுழற்சியை உணர்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று மருத்துவமனையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா எழுவதும் உட்காருவதுமாக இருந்தாள். என்னம்மா செய்கிறது என்று கேட்டேன். "இருப்பே கொள்ளலைப்பா" என்றாள். உட்காரச் சொல்லியும் பயனில்லை, தண்ணீர் கொடுத்தும் பயனில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து போய்த் திரும்பினோம், மறுபடியும் போனோம். மூன்றாவது முறை திரும்பும்போது அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.