‘கடினமான உடற்பயிற்சி கூடாது’: ஒற்றை வரியால் நாங்கள் பட்ட பாடு

என் மகளுக்கு ஐந்து வயதில் பிளட் கேன்சர் வந்தது, ஏ.எல்.எல். வகை. திருவனந்தபுரத்தில் இரண்டரை வருஷ சிகிச்சை. மருந்து நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது, மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டையும் எடுத்தாயிற்று, இப்போது ஒன்பது வயது. அந்த வழியாக வந்தவர்களுக்கு அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எழுதுவது அதற்கு அப்புறம் நடந்தது. பிள்ளை பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுவதற்கு ஒரு காகிதம் வாங்க குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாலு தடவை அலைந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

முதல் தப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். கீமோ நடந்த காலத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்து கிடக்கும்போது ‘ஓடாதே, விழுந்திருவே’ என்று கத்தினேன், அது சரி. மருந்து நின்ற பிறகும் கத்திக்கொண்டே இருந்தேன். அரை கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்கு ஆட்டோ, பையைத் தூக்க நான், சாயங்காலம் முற்றத்தில் இறங்கினால் ‘மக்களே, வெயிலு கொள்ளாதே, உள்ளே வா’ என்று என் மாமியார். ஸ்டீராய்டில் ஏறிய எடை அப்படியே நின்றது. அவளுடைய இடது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்து தேய்ந்து ரெண்டு மாதத்தில் ஓட்டையாகும். மட்டமான செருப்பு என்று நினைத்துக் கடையை மாற்றினேனே தவிர காலைப் பார்க்கவில்லை.

ரிவ்யூவுக்குப் போனபோது பிசியோதெரபி பிள்ளை ஒருத்திதான் அதைக் கண்டுபிடித்தாள். குதிகாலில் நடந்து காட்டச் சொன்னாள். இடது பாதத்தின் முன்பகுதி தூக்கவே வரவில்லை. வின்கிரிஸ்டின் என்கிற கீமோ ஊசி நரம்பைப் பிடிக்கும், பாதம் தொங்கினாற்போல ஆகும், சில பிள்ளைகளுக்கு மருந்து நின்ற பிறகும் அது மிச்சமிருக்கும் என்றாள். நான் அழ ஆரம்பித்ததும், ‘கரையண்டா சேச்சி, களிக்கட்டே’ என்றாள். விளையாட விடு, அவ்வளவுதான். வீட்டுக்குள் பொத்தி வைப்பதுதான் கெடுதல், தசையும் எலும்பும் அசைந்தால்தான் தேறும் என்று எனக்குப் புரிகிற மாதிரி தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு சராசரியாகத் தினம் 60 நிமிஷம் ஓடியாட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம். கேட்டதும் மயக்கமே வந்தது எனக்கு. ஒரே மூச்சில் இல்லை, பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்த்தாலும் கணக்குதான், மெதுவாக ஏற்றிக்கொண்டு போங்கள் என்றாள்.

சரி, பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று போனால் அங்கே பி.டி. சார் கையை விரித்தார். ‘எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?’ ஹெச்.எம். ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டார். அதுவரை பி.டி. பீரியடில் என் மகளுக்கு ஒரே வேலை, மாமரத்து மூட்டில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல். உள்ளூர் டாக்டர், வைத்தியம் பார்த்த இடத்திலேயே வாங்குங்கள் என்றார். நியாயம்தான்.

முதல் பயணம் வெட்டி. குழித்துறையில் ரயில் ஏறினால் உள்ளே கால் வைக்க இடமில்லை, எல்லாம் பெண்கள், ஆளுக்கொரு மண்பானையும் விறகும். பாறசாலை தாண்டின பிறகுதான் மண்டையில் உறைத்தது, அன்று ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலை, பெண்கள் தெருவில் பொங்கலிடும் நாள்! திருவனந்தபுரம் மாவட்டத்துக்கே லீவு. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் ரோடு முழுக்கச் செங்கல் அடுப்பு, புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை, பஸ்ஸும் இல்லை ஆட்டோவும் இல்லை, போயிருந்தாலும் ஓபி கிடையாது. எங்கள் ஊரிலிருந்து பாதிப் பேர் பொங்காலைக்குப் போவார்கள், எனக்கு மட்டும் ஞாபகமில்லை. எல்லைப் பக்கத்து ஆட்களே, கிளம்புமுன் கேரளா காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள், நம் லீவு வேறு அவர்கள் லீவு வேறு.

ரெண்டாவது பயணம் இதைவிட மோசம், ஏனென்றால் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. நல்ல கூட்டம், எங்கள் டாக்டர் லீவில் இருந்தார், புதிதாக வந்த ஒருவர் நான் பேசி முடிக்குமுன் எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். வெளியே வந்து படித்தேன். நோய் இல்லை, பள்ளிக்குப் போகலாம், கடினமான உடற்பயிற்சி கூடாது. எது கடினம், எது கடினமில்லை? ஒரு வார்த்தை இல்லை. ஹெச்.எம். அதைப் படித்துவிட்டு இன்னும் பயந்து போனார். அதுவரை பிரேயரில் எல்லோரோடும் நின்றவளுக்கு அடுத்த நாளிலிருந்து தனியாக ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வீட்டில் ஒரே அழுகை.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பி.டி. சாரிடமே போய், ‘சார், நீங்க என்னென்ன விளையாட வைப்பீங்கன்னு உங்க கையால எழுதித் தாங்க’ என்றேன். ஸ்கிப்பிங், கோ-கோ, நூறு மீட்டர் ஓட்டம், ரிங் பால், யோகா, கபடி, நீளம் தாண்டுதல் என்று பதினொன்று எழுதினார். இந்தக் காகிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. உங்களுக்கும் அதையே சொல்வேன், டாக்டரிடம் வெறுங்கையோடு போய் ‘விளையாடலாமா’ என்று கேட்காதீர்கள், பட்டியலைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் டிக் கேளுங்கள்.

பட்டியலோடு போன மூன்றாவது பயணம் கவுண்டரிலேயே முடிந்தது. சிகிச்சைச் சுருக்கம் வேண்டுமாம், எந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்கிற கணக்கு. நான் கொண்டு போனது ஓபி புத்தகம் மட்டும், தடிமனான ஃபைல் வீட்டு அலமாரி மேலே. ‘அது இல்லாதே பற்றில்லா’, அது இல்லாமல் முடியாது என்று சொன்னவர் தலையைக்கூடத் தூக்கவில்லை, கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்றதற்கு எழுந்து சாப்பிடப் போய்விட்டார். கேட்டது தப்பில்லை என்று பிறகு புரிந்தது. சிவப்பு மருந்து என்கிறோமே, டாக்ஸோரூபிசின், டவுனோரூபிசின், அது மொத்தம் எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்து இதயத்தை வருஷக்கணக்கில் எக்கோ ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும். ஆனால் அதை முன்கூட்டி ஒரு போனில் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம் எனக்கு.

நாலாவது தடவை ஃபைலும் அதற்கு ரெண்டு செராக்ஸும் கையில். எக்கோ எடுத்தார்கள், நார்மல். எங்கள் டாக்டரே இருந்தார். பேனாவை எடுத்துப் பதினொன்றில் ஒன்பதுக்கு டிக் போட்டார். கபடியும் நீளம் தாண்டுதலும் இப்போதைக்கு வேண்டாம், பாதத்துக்கு பலம் வரட்டும், அடுத்த ரிவ்யூவில் பார்க்கலாம் என்றார். கீழே அவராகவே எழுதிய வரிகள்தான் எனக்குத் தங்கம்: களைத்தால் அவளே உட்கார்ந்து ஓய்வெடுக்க விட வேண்டும், இடுப்பிலோ முட்டியிலோ வலி, மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால் நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும், மற்றபடி எல்லோரையும் போல விளையாட ஊக்கப்படுத்தவும். இடுப்பு, முட்டி வலியை மட்டும் சும்மா விடாதீர்கள். ஸ்டீராய்டு சில பிள்ளைகளுக்கு அந்த மூட்டு எலும்பைக் கெடுத்துவிடும், வளரும் பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வீட்டில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்களையிலிருந்து வாசல் வரை குதிகால் நடை. தரையில் கொட்டிய புளியங்கொட்டையைக் கால்விரலால் பொறுக்கி சிரட்டையில் போடும் போட்டி, இதில் என் மாமியாரும் சேர்ந்துவிட்டார், தோற்றால் கோபம் வேறு வருகிறது. ஆட்டோவை நிறுத்தினோம். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள், உட்காரட்டும் என்று நானும் மதிலில் சாய்ந்து நிற்பேன்.

சர்டிபிகேட்டைக் கொடுத்த அன்று பி.டி. சார் ரெண்டு தடவை படித்துவிட்டு, ‘இதைத்தானேம்மா கேட்டேன்’ என்றார். எனக்கு வந்த கோபத்தை முழுங்கினேன். அந்த வெள்ளிக்கிழமையே கோ-கோவில் உட்கார வைத்தார். நான் பள்ளி மதிலுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நின்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவதாகத் துரத்த எழுந்தவள் நாலு எட்டில் மூச்சு வாங்கி அடுத்தவள் முதுகில் ‘கோ’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். யாரையும் தொடவில்லை. நாற்காலியை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது வீட்டில் சண்டை கபடிக்குத்தான். டாக்டர் டிக் போடாததற்கு நான்தான் காரணமாம்.