மூச்சிரைப்புக்குப் போனோம், சிறுநீரகத்தில் போய் முடிந்தது

அப்பாவுக்கு இப்போது டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கிறது. காப்பீட்டில் நடப்பதால் கைக்காசு கரையவில்லை. முகத்தில் தெளிவு வந்திருக்கிறது, இரவில் படுத்துத் தூங்குகிறார். ஆனால் இந்த நிலைக்கு வருவதற்குள் நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து இதே வழியில் போக நேர்கிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடக்கம் மூச்சிரைப்பு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்த மனிதர் வாசற்படி ஏறத் தூணைப் பிடித்தார். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து, சளி என்று சொல்லி, இன்ஹேலர் கொடுத்து அனுப்பினார்கள். கேட்கவில்லை. இன்னொரு இடத்தில் இதயம் பார்த்தார்கள். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, இதயத் தசை தடித்திருக்கிறது, பிபி மாத்திரையை விடாமல் போடுங்கள் என்றார்கள். நடுவில் ஒருவர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒரு ஃபைல். முந்தைய ஃபைலை நீட்டினால், "அது வேறும்மா, இது வேறு" என்று தள்ளி வைத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று அத்தனை ரத்தப் பரிசோதனை எழுதியவர்களில் ஒருவரும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை எழுதவில்லை. எக்கோவுக்குக் கட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஓரிரவு மூச்சு மிகவும் மோசமாகி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டு முதலில் அப்பாவின் வேட்டியை முழங்கால் வரை ஏற்றச் சொன்னார். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை அழுத்திச் சில நொடி வைத்திருந்து எடுத்தார். விரல் பதிந்த இடத்தில் குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல மேலெழும்பியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளுத்துப் போயிருந்தது. பிறகு என்னிடம் கேட்டார்: "இரவில் அடிக்கடி எழுந்து போகிறாரா அக்கா? சிறுநீரில் நுரை கலையாமல் நிற்கிறதா? வலி மாத்திரை சாப்பிடுவாரா?" மூன்றுக்கும் ஆமாம்தான். இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது எங்கள் கரையில் வெற்றிலை போடும் அளவுக்குச் சாதாரணம். ரத்தம் எடுத்தார்கள். 1.2-க்குள் இருக்க வேண்டிய கிரியேட்டினின் 11-ஐத் தாண்டியிருந்தது.

ஓபி சீட்டின் பின்பக்கத்தில் அவர் படம் போட்டு விளக்கியதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். வேறு யாரும் இதைச் சொல்லவில்லை. இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போவது இரண்டு சிறுநீரகங்களுக்குத்தான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் போல வெளியேற்றிவிட்டு, மீதியை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இந்த வேலை நின்றால் உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும். மிஞ்சிய தண்ணீர் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனையும் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. அது குறைந்ததால்தான் இமை வெளுத்தது. இரும்பு மாத்திரை மட்டும் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. நுரையீரல், இதயம், ரத்தம் என்று தனித்தனி ஃபைலில் இருந்தது எல்லாமே ஒரே நோய்.

அன்றிரவே கழுத்தில் குழாய் வைத்து முதல் டயாலிசிஸ் முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்குப் பக்கமாகத் தொடர்ந்து செய்துகொள்ள ஒரு மையத்தில் இடம் கிடைத்தது. அதற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். சான்று எளிதாகவே கிடைத்துவிட்டது. சிக்கல் அப்பாவின் விரலில் வந்தது. கயிறும் உப்புத் தண்ணீரும் தேய்த்துத் தேய்த்து ரேகையே இல்லை. கருவியில் எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான். "ரேகை விழவில்லை, இன்னொரு நாள் வாருங்கள்" என்றார் அங்கிருந்த ஊழியர். இன்னொரு நாள் போனால் மட்டும் ரேகை முளைத்துவிடுமா? கழுத்தில் குழாயோடு நிற்கிற மனிதரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுத்த முறையும் அதே பதில்தான் வந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பாம்பன்காரர் ஒருவர், "கண்ணை வைத்துப் பதியலாம் தங்கச்சி, கேளுங்கள்" என்றார். நான் விடவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லி, கருவிழிப் பதிவுக் கருவியை எடுத்து வரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. கடல் தொழில் செய்த பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஆதாரில் இணைத்த கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துவிடுங்கள். ஓடிபி ஒரு மாற்று வழி.

அட்டையோடு மையத்துக்குப் போனால் அங்கே வேறு கதை. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் இயந்திரத்தில் சேர்க்க முடியாது என்றார்கள். விதி சரிதான். ஒருவருடைய ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குத் தொற்று போய்விடக் கூடாது. ஆனால் போனில் இடம் உறுதிசெய்தபோது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பரிசோதனை முதல் டயாலிசிஸுக்கு முன்பே செய்தாகிவிட்டது, முடிவு மட்டும் வார்டின் கேஸ் ஷீட்டில் கிடந்தது. வெயிலில் அவரைத் திரும்ப பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாப் பரிசோதனை முடிவுகளுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபிஸ்டுலா. முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறிய அறுவை சிகிச்சை. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்து, டயாலிசிஸ் ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வரும். பெரும்பாலும் ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டும். அதுவரை கழுத்துக் குழாய்தான். அதில் தண்ணீர் படக் கூடாது, கடல் குளியலுக்கு வழியே இல்லை. தையல் ஆறியதும் அந்த இடத்தில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். இன்ஜின் ஓடும் படகின் பலகையைத் தொட்டாற்போல இருக்கிறது என்று அப்பா சொன்னார். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதிர்வு நின்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. இது மருத்துவமனையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கையில்தான் ரப்பர் பட்டையைக் கட்ட வந்தார்கள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஒரு ஊசியில் என்னாகிவிடப் போகிறது?" என்று எனக்கே கோபித்துக்கொண்டார் அந்தப் பெண். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போது அந்தக் கையில் பேனாவால் எழுதி அனுப்புகிறேன். வீட்டில் யாருக்காவது கிரியேட்டினின் ஏறிக்கொண்டு வருகிறது என்றால், அதிகம் புழங்காத கையின் சிரைகளை இப்போதே காப்பாற்றி வையுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் மறு கையை நீட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் பெரிய போராட்டம் சொந்தக்காரர்களோடுதான். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இளநீர் வெட்டிக்கொண்டு வருவார்கள். உடம்புச் சூடு தணியுமாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். முன்னறிவிப்பே இருக்காது. 3.5-லிருந்து 5-க்குள் நிற்க வேண்டிய அளவு அப்பாவுக்கு ஒரு முறை 6-ஐத் தொட்டது. இசிஜி எடுத்து, அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். அதன்பின் அம்மா வாசலிலேயே இளநீரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், மனத்தாங்கல் வந்தாலும் சரி என்று. பிபிக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது, அதையும் தொடாதீர்கள். கருவாடு அடியோடு நின்றுவிட்டது. உப்பு தாகத்தைக் கிளப்பும், குடிக்கிற தண்ணீருக்கோ அளவு உண்டு.

இன்னொன்று. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லிட்டர் ஓடுகிறது. குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற ஊர்கள் நம்முடையவை. சுத்திகரிப்புக் கருவி பழுதானால் அன்றைக்கு யாருக்கும் டயாலிசிஸ் கிடையாது. அதைப் போய் நின்ற பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பஸ் ஏறும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

போன மாதம் சித்தப்பாவையும் வற்புறுத்திக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தேன். அவரும் அப்பாவைப் போலவே வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டவர். மூச்சு நன்றாக இருக்கிறது, கால் வீக்கம் இல்லை. கிரியேட்டினின் 1.9, சிறுநீரில் புரதம் இருக்கிறது. மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டேன். பிபிக்கு மருந்து தொடங்கியாயிற்று, சிறுநீரக மருத்துவரைப் பார்க்கத் தேதியும் வாங்கியாயிற்று.