நோஸ்ஃபெராட்டுவின் பூனை: 18-க்கும் 24-க்கும் நடுவே மூன்று வாரம்

போன சனிக்கிழமை ராத்திரி பெரியம்மா சிரிக்கவில்லை. மூன்று வாரமாக இந்த ஒரு வரியை எழுதத்தான் காத்திருந்தேன்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகப் பேய்ப்படப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை எட்டுத் தடவை பார்த்தவன். குளியலறையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் சிரப் என்று மாம்பலத்து டீக்கடைகளில் எத்தனை பேரைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருப்பேன்! ஆனால் 'நோஸ்ஃபெராட்டு' என்கிற பழைய ஊமைப் பேய்ப்படத்தைப் பார்த்ததில்லை. மாடிப்படிச் சுவரில் கூனல் நிழல் ஏறுமே, அந்த ஒரு ஸ்டில்லை வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்தவன் மாதிரி காலம் தள்ளிவிட்டேன். அக்கா பையன் ஒருநாள், "மாமா, கடைசில அந்தப் பேய் எப்படி சாகும்?" என்று கேட்டான். அசடு வழிந்தேன். அன்றைக்கே டைரியில் ஒரு பட்டியல் போட்டேன்: பார்த்ததாகப் புளுகிய படங்கள், மொத்தம் பன்னிரண்டு. சனிக்கிழமைக்கு ஒன்று, மொட்டை மாடியில்.

நாலு முடிந்தது. 1931 'ஃபிராங்கன்ஸ்டைன்' நினைத்ததைவிட நல்ல படம். ஆரம்ப டைட்டிலில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். அந்தக் குறும்பு ஒன்றுக்கே விசில் அடிக்கலாம். அதே வருடத்து 'டிராகுலா'வில் டைட்டில் தாண்டினால் பின்னணி இசை என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. டிராகுலாவாக நடித்த லுகோசி படியிறங்கி வருகிறார், பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் ஓடுகிறது. அந்த மோட்டார்தான் அன்றைக்கு எங்களுக்குப் பின்னணி இசை. பொருத்தமாகவே இருந்தது.

பதினோராவது படத்தை யாராலும் பார்க்க முடியாது. லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்', 1927. கடைசிப் பிரதியும் 1965-இல் ஸ்டூடியோ கிடங்குத் தீயில் போய்விட்டது. ஸ்டில்கள்தான் மிச்சம். கூர்ப்பல்லும் உயரத் தொப்பியுமாக அந்த முகத்தைத் தெரியாத ரசிகன் கிடையாது, படத்தைப் பார்த்த ரசிகன்தான் கிடையாது. நமக்கொன்றும் இது புதிதல்ல. நடராஜ முதலியார் இதே சென்னையில் எடுத்த 'கீசகவத'மும் இப்படித்தான் போயிற்று. தெரியாமல் பட்டியலில் சேர்த்துவிட்டேன், பெயரை அடித்துவிடவும் மனசில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். திரை, புரொஜெக்டர், தெருவிளக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுவது இதெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான், விட்டுவிடுகிறேன். 'நோஸ்ஃபெராட்டு' 1922 படம், முர்னாவ் இயக்கியது, உரிமை எல்லாம் எப்போதோ காலாவதி. இலவசமாகக் கிடைத்த ஒரு பிரதியை இறக்கிப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியிருக்காது.

"ஏண்டா, இவன் என்ன பன்னெண்டு பி பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடறான்?" என்றாள் பெரியம்மா. கதாநாயகன் ஹூட்டரைப் பற்றி. அப்புறம் படத்தின் பேயான ஓர்லோக் பிரபு வந்தபோதும் சிரிப்புதான். அந்த வேஷத்தில் மாக்ஸ் ஷ்ரெக் அந்த நகத்தோடும் காதோடும் துறுதுறுவென்று வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார், ஏதோ கூரியர் பையன் மாதிரி. பக்கத்து மாடியிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

காரணம் வேகம். ஊமைப்பட கேமராவைக் கையால் சுற்றினார்கள். இந்தப் படத்துக்கு நொடிக்கு 18 ஃபிரேம் (ஒற்றை அசையாப் படம்) என்பதுதான் ஒத்துவருகிற கணக்கு. என் கோப்பு 24-இல் ஓடியது. அதாவது மூன்று நொடி நடை நாலு நொடி நடைக்குரிய தூரத்தைக் கடக்கிறது. இதற்கு என்ன பெரிய வைத்தியம், வீடியோ ஓட்டுகிற விஎல்சி மென்பொருளில் 0.75 வேகம் வைத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். அங்கேதான் மூன்று வாரம் போனது.

முதல் பாதி பிரமாதமாக இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் எல்லாரும் தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி ஊர்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரியாயிற்று. படம் 105 நிமிடம் இழுத்தது. ஒழுங்காகப் புதுப்பித்த பிரதி 94 நிமிடம்தான். என் கோப்பின் அசல் நீளம் 79. இந்த மூன்று எண்களையும் பால்கணக்கு அட்டையின் பின்பக்கம் எழுதி உட்கார்ந்தேன். 94 நிமிடப் படத்தில் 34 நிமிடத்தை எவரோ முன்பே 18-க்குச் சரிசெய்து, மீதி 60 நிமிடத்தை அப்படியே ஓட விட்டிருந்தால்தான் 79 வரும். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பிரதிகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்.

எந்த 34 நிமிடம்? விஎல்சியில் 'ஈ' (E) விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாகப் போனேன். சரிசெய்த பகுதியில் மூன்றாவது ஃபிரேம் இரண்டு தடவை வரும்: ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று. மிருதங்கக்காரர் சொல்கட்டில் தடுக்கி விழுந்தமாதிரி ஒரு திக்கல். இரண்டு ராத்திரி தட்டியதில் விரல் வீங்கியதுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன், ஏழு இடத்தில் ஒட்டு கண்டுபிடித்தேன்.

பிறகு எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மென்பொருளில் நகல் ஃபிரேம்களைக் களைகிற எம்பிடெசிமேட் வடிகட்டியைப் போட்டு, மிஞ்சியவற்றை நொடிக்கு 18 வீதம் வரிசைப்படுத்தச் சொன்னேன். வேலை செய்தது. அளவுக்கு மீறியும் செய்தது. நடுநடுவே வசனம் வருகிற அட்டைகள் இருக்கின்றனவே, அவற்றில் அசைவே இல்லை, எல்லா ஃபிரேமும் ஒன்றின் நகல். வடிகட்டி அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டது. ஹூட்டர் வாயைத் திறக்கிறான், திரையில் ஒரு மின்னல், அடுத்த காட்சி. கடிதம் வாசிக்கிற இடமெல்லாம் போயே போச்சு.

இதைச் செய்து பார்க்கப் போகிறவர்கள் அட்டைகளை முதலிலேயே வெட்டித் தனியே வைத்துவிடுங்கள். நான் கோபத்தில் அவற்றைக் கடாசிவிட்டுத் தமிழிலேயே புதிதாக அட்டை போட ஆரம்பித்தேன். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது ஒரு சாக்கு. உண்மையில், பழைய தமிழ்ப்பட டைட்டில் மாதிரி வளைத்து வளைத்து எழுத எனக்கு ரொம்ப நாள் ஆசை.

சரியான வேகம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடையை நம்பக் கூடாது, மனிதன் எப்படி வேண்டுமானாலும் நடப்பான். படத்தின் ஆரம்பத்தில் ஹூட்டரின் மனைவி எல்லன் ஜன்னலோரம் ஒரு பூனைக்குட்டிக்கு விளையாட்டுக் காட்டுவாள். அந்தப் பூனையைப் பாருங்கள். 24-இல் அது பொம்மை. 16-இல் வைத்தேன், நோய்வாய்ப்பட்ட பூனை. 18-இல் வைத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். வீட்டில் மூன்று வளர்ப்பவள். "இது பூனை" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஓர்லோக்கின் குதிரை வண்டிதான் இன்னும் தீராத சண்டை. அது 18-இலும் கடகடவென்று ஓடுகிறது. அது பிரதியின் கோளாறு இல்லை. பேய் வண்டி மனித வண்டி மாதிரி போகக் கூடாதென்று முர்னாவ் வேண்டுமென்றே வேகமாக்கியது. விளக்கிச் சொன்னேன். "பேய் வண்டின்னா சத்தம் போடாம மெதுவா வந்து நிக்கணும்டா, அப்பதான் வயித்தைக் கலக்கும்" என்கிறாள் பெரியம்மா. நியாயம் அவள் பக்கம் இருக்கிற மாதிரி எனக்கே படுகிறது. ஆனால் தொடவில்லை.

அடுத்தது நிறம். ராத்திரிக் காட்சிகளையும் பகலில்தான் எடுத்தார்கள். பிரதியில் நீலச் சாயம் ஏற்றினால் ராத்திரி, மஞ்சள் ஏற்றினால் விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு ஏற்றினால் விடியல். என் பிரதி வெறும் கறுப்பு வெள்ளை. சூரிய வெளிச்சம் பட்டால் சாகிறவன் மத்தியான வெயிலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜாலியாக நடக்கிறான். இத்தனைக்கும் வெயிலில் சாவது இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலிலேயே கிடையாது, இந்தப் படம் கொண்டுவந்த வழக்கம். (அக்கா பையன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.) நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. தப்பிப் பிழைத்தது நம் மொட்டை மாடிக்கு வந்து வெள்ளையாக நிற்கிறது.

மென்பொருளில் நீலம் ஏற்றிப் பார்த்தேன். மலிவு புரொஜெக்டரில் கறுப்பெல்லாம் கலங்கிக் கட்டம் கட்டமாக உடைந்தது. ஃபேன்சி ஸ்டோர் கண்ணாடிப் பேப்பரை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் நவராத்திரி சீரியல் செட் மாதிரி இருந்தது. கடைசியில் சாலிகிராமத்தில் லைட் வாடகைக்கு விடுகிற ஒருவர் துண்டு துக்கடா ஜெலட்டின் (விளக்குக்கு முன்னால் போடுகிற நிறத்தாள்) கொடுத்தார், காசு வாங்கவில்லை. முழு சிடிபி (வெளிச்சத்தை நீலமாக்குகிற தாள்) வேண்டாம், வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அரை சிடிபி சரியாக நின்றது. பிஸ்கட் அட்டையில் இரண்டு ஜன்னல் வெட்டி ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள். என் கை அசைவைப் பார்த்து அக்கா பையன் தள்ளுவான்.

சாலிகிராமம் போன கையோடு அவரிடம் இன்னொன்றும் விசாரித்தேன். 'டிராகுலா'வை அதே செட்டில் ராத்திரி ஷிப்டில் ஸ்பானிஷ் மொழியிலும் எடுத்தார்கள். பகலில் லுகோசி கூட்டம், இரவில் இன்னொரு கூட்டம். கோடம்பாக்கத்தில் தமிழையும் தெலுங்கையும் ஒரே செட்டில் எடுத்த கதைதான். இரண்டு புரொஜெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் வாடகை கேட்டதும் தற்காலிகமாக ஆசையை அடக்கிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை கப்பல் காட்சி வரைக்கும்தான் தயாராக இருந்தது. பெரியம்மாவின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஆகக் குறைந்த சுருதியில் வைத்துப் பக்கத்தில் முனக விட்டேன். கப்பலின் அடித்தளம், நீலம். எலிகள். சவப்பெட்டி மூடி விலகுகிறது. ஓர்லோக் முழங்காலை மடக்காமல், கையை ஊன்றாமல், பலகையை நிமிர்த்துகிற மாதிரி விறைப்பாக எழுந்து நிற்கிறான். போன தடவை ஸ்பிரிங் பொம்மையாகத் துள்ளியது இதே காட்சி. 18-இல் அவன் எழுந்து முடிக்கவே மாட்டானோ என்றிருந்தது. பையன் மஞ்சளுக்கு மாற்றவேண்டிய இடத்தில் அட்டையைத் தள்ள மறந்துவிட்டான்.

சுருதிப் பெட்டியை அணைத்தேன். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா, "நீ முன்னாடி இறங்குடா, படி லைட்டைப் போடு" என்றாள்.

இன்னும் ஓர்லோக் கப்பலில் வந்திறங்குகிற விஸ்போர்க் ஊர்ப் பகுதி முழுக்க பாக்கி, தமிழ் அட்டை முப்பது சொச்சம் எழுத வேண்டும், விடியலுக்கு இளஞ்சிவப்பு ஜெலட்டின் கிடைக்கவில்லை. யாரிடமாவது ஒரு சாண் துண்டு இருந்தால் சொல்லுங்கள்.