தண்ணீர் வற்றினால் தெரியும் தெல்தெனிய

கண்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தலதா மாளிகை, குளக்கரை, மார்க்கெட்டில் ஒரு சுற்று, அப்புறம் பஸ் ஏறிவிடுவேன். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் விக்டோரியா அணையை இந்த வருடம்தான் பார்க்க வாய்த்தது. நல்ல வறட்சி நேரம். ஆட்டோக்காரத் தம்பி, "இப்பதான் பாக்கணும் அய்யே, தண்ணி குறைஞ்சா பழைய டவுன் தெரியும்" என்றான். சிங்களம் பாதி, தமிழ் பாதி. அய்யே என்றால் அண்ணன்.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் பார்வையிடும் இடத்துக்குப் போனோம். நான் காசல்ரீ அணையைப் பார்த்து வளர்ந்தவன். அணை என்றால் கனத்த சுவர், தன் பாரத்தாலேயே தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கும் என்பதுதான் மனதில் இருந்த படம். இது அப்படியில்லை. தேங்காய்ச் சிரட்டையில் ஒரு துண்டை உடைத்து, முதுகு தண்ணீர்ப் பக்கம் பார்க்க நிமிர்த்தி வைத்த மாதிரி, பக்கவாட்டிலும் வளைவு, மேலிருந்து கீழாகவும் வளைவு. தண்ணீர் நெருக்க நெருக்க, அந்தப் பாரத்தை இரண்டு பக்கத்து மலைப்பாறையிலும் கொண்டுபோய்ச் சாத்திவிடும். 122 மீட்டர் உயரம், 520 மீட்டர் நீளம். அந்த உயரத்துக்கு இவ்வளவு ஒல்லியா என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மேலே எட்டு வான்கதவுகள். நீர்மட்டம் ஏறினால் கரண்ட் இல்லாமலே, பாரத்தின் கணக்கிலேயே தாமாகத் திறந்துகொள்ளும். அடைமழை நாளில்தானே முதலில் கரண்ட் போகும்? யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

டேர்பைன்களை அணையின் காலடியில் தேடினால் கிடைக்காது. தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போய், கீழே இருக்கும் மின்நிலையத்தில் விழுகிறது. தலா 70 மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 210. இலங்கையின் நீர்மின் நிலையங்களில் இதுதான் பெரியது.

இந்த அணை மகாவலி ஆற்றில் நிற்கிறது. அந்த ஆற்றை மறித்து அணைகள் கட்டும் மகாவலித் திட்டம் 1960களின் கடைசியில் வரைந்தபோது முப்பது வருட வேலையாகத்தான் இருந்தது. 1977இல் வந்த அரசு அதை ஆறே வருடத்தில் முடிப்போம் என்று கிளம்பியது. ஒரு நாட்டிடம் அவ்வளவு பணம் ஏது? வெளிநாடுகள் ஆளுக்கொரு அணைக்குப் பணம் கொடுத்தன. கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு ஜெர்மனி, விக்டோரியாவுக்கு பிரிட்டன். பிரிட்டன் கொடுத்தது பத்துக் கோடி பவுணுக்கு மேல். 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனவும் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரும் வந்து திறந்துவைத்தார்கள். இதோடு தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. புது நகரத்தை மேட்டில் கட்டினார்கள். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்பிப் போயின. நிறையப் பேருக்கு மலைக்குக் கீழே, வெக்கையான மகாவலி சி வலயத்தில் காணி கிடைத்தது.

எனக்கு இந்த அணைக் கதைகளில் எப்போதும் ஒரு முள் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம். எங்கள் லயத்து வாசலில் நின்றால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். அந்தத் தண்ணீர்தான் 1965இலிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய எஞ்சினியர் விமலசுரேந்திரவின் பெயர்தான் அது. எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது 1997இல். அதுவரைக்கும் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான். ஓ.எல். பரீட்சைக்குப் படித்த இரவுகளில் விடிந்து மூக்கைச் சிந்தினால் கரி வரும். கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேதான் கொழும்புக்குப் போயின.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தெல்தெனியப் பக்கம் வண்டியை விட்டான்.

கரையில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதற்கு நடுவில் பழைய தெரு ஒன்று நேராக இறங்கித் தண்ணீருக்குள் போகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு அத்திவாரச் சுவர்கள். ஒன்றில் சிவப்புச் சிமெந்துப் படி இன்னும் முழுசாக இருந்தது, மூன்று படிகள். தம்பி அதில் போய் உட்கார்ந்தான். அவனுடைய தாத்தாவுக்கு இந்தத் தெருவில் சைக்கிள் திருத்தும் கடை இருந்ததாம்.

"இதா?" என்றேன்.

"தெரியாது அய்யே. அப்பாவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தக் காட்டுவாரு."

பக்கத்தில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் சோளம் அவித்து விற்றார். நாங்களும் ஆளுக்கொன்று வாங்கி, அந்தப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.