கடிதத்தோடு கோணேசர் சந்நிதியில்

திருகோணமலையில் வேலைக்குப் போகிறவர்களிடம் "கோணேசர் கோயிலுக்குப் போனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கை அக்கா நேரம்?" என்றுதான் பதில் வரும். அதில் பொய்யில்லை. காலையில் பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கந்தோருக்கு ஓடி, பின்னேரம் ரியூசன் வாசலில் காத்து நின்று, வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினால் நாள் முடிந்துவிடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை விடியற்காலையை, கடலோர மலைமேல் இருக்கும் எங்கள் சிவன் கோணேசருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சமாகும் நேரத்தைச் சாமிக்குக் கொடுக்கலாம் என்று இருந்தால், அப்படியொரு மிச்சம் யாருக்கும் வராது. முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் மற்ற வேலைகள் எப்படியோ ஒழுங்காகிவிடுகின்றன.

போன வெள்ளி மலையேறும்போது என் பையில் ஒரு கடிதம் இருந்தது. வவுனியாவுக்கு இடமாற்றம். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், அம்மாவுக்கு வயது போய்விட்டது. மேன்முறையீடு செய்வதா, பேசாமல் போவதா என்று இரவெல்லாம் யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். விடிய எழும்பி முழுகிவிட்டு வந்தபோது அம்மா சொன்னா: "அந்தக் கடிதத்தையும் கொண்டு போ பிள்ளை. அவருக்குத் தெரியாமலா வந்தது?"

பிரட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது நான் எப்போதும் ஒரு நிமிடம் நிற்பேன். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, முன்னொரு காலத்தில் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் வரும் தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. கோயிலை இடித்த கற்களைக் கொண்டுதான் போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு அன்று, சுவாமி ஊர்வலமாக நகருக்குள் வந்திருந்த நேரம் பார்த்து அவர்கள் கோயிலுக்குள் புகுந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இடிந்தவற்றில் ஒரு பங்கு கடலுக்குள் போனது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் போய் அந்த இடிபாடுகளைக் கடலடியில் கண்டார்கள்.

கோட்டைக்குள் மரங்களுக்கு அடியில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. மேலே ஏறினால் வழியோரக் கடைகளில் அருச்சனைத் தட்டுகள். கடைக்கார அம்மா தேங்காயைத் தட்டிப் பார்த்து, முற்றியதாக ஒன்றைத் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு தாமரை மொட்டையும் வைத்துத் தந்தா. நான் கடிதத்தை நாலாக மடித்து வெற்றிலைக்குக் கீழே வைத்தேன்.

உள்ளே கூட்டமில்லை. ஐயர் தட்டை வாங்கும்போது கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெயர், நட்சத்திரம் மட்டும் கேட்டார். அருச்சனை முடிந்து தட்டு திரும்பி வந்தபோது, மடித்த தாளின்மேல் ஒரு வில்வ இலையும் கொஞ்சம் திருநீறும் இருந்தன. மாதுமை அம்பாள் சந்நிதியில் நிற்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் வெளிவீதியில் கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே இருக்கும்போதெல்லாம் எனக்கு 1950தான் ஞாபகத்துக்கு வரும். நகரசபை ஆட்கள் தண்ணீருக்குக் கிணறு வெட்டப் போன இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் வந்தார், சந்திரசேகரர் வந்தார், அம்பாளும் வந்தா. கோயில் இடிபட்ட காலத்தில் யாரோ பக்தர்கள் எடுத்துப்போய்ப் புதைத்து வைத்தவை. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. எதிரி வாசலில் நிற்கும்போது, உயிரைக் காப்பாற்ற ஓடாமல் சாமியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். திரும்பத் தோண்டி எடுக்க அவர்களால் முடியவில்லை. பிள்ளைகளாலும் பேரப்பிள்ளைகளாலும்கூட முடியவில்லை. முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்துவிட்டு, தேடாத ஒருவரின் மண்வெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். மலையில் கோயிலைத் திரும்பக் கட்டி 1963இல் கும்பாபிஷேகமும் நடந்தது. சாமி வழிநடத்துவது என்றால் இதைத்தான் நான் நம்புகிறேன். எனக்கு இன்றைக்கே பதில் வேண்டும் என்று நிற்கிறேன், புதைத்தவர்கள் பதிலைப் பார்க்காமலே போனார்கள். ஆனாலும் அவர்கள் செய்தது வீண்போகவில்லை.

சம்பந்தரையும் நினைத்துக்கொண்டேன். அவர் இந்த மலைக்கு வந்ததே இல்லை. இராமேசுவரத்தில் நின்றபடி கடலுக்கு இப்பால் இருந்த கோணேசரைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." அந்தப் பதிகத்தை மெல்லிய குரலில் பாடி முடித்தேன். கீழே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் அலை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வர முடியாத ஒருவர் இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததுபோலப் பாடியிருக்கிறாரே! வவுனியாவில் இருந்தால் கோணேசர் தூரமாகிவிடுவார் என்று நான் பயந்ததற்கு அந்தப் பதிகத்திலேயே பதில் இருந்தது. எனக்கு அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் இறங்கும்போது மேன்முறையீடு எழுதும் எண்ணம் மனதில் இல்லை.

கந்தோருக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தேன். நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைத் தங்கச்சி "அக்கா, அடுத்த வெள்ளி என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா. அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் ஏதோ பிரச்சினை, நான் விசாரிக்கவில்லை. நான் இல்லாத வெள்ளிகளிலும் போகும்படி மட்டும் சொன்னேன். விடிய முதல் பூசைக்குப் போனால் ஒரு மணித்தியாலத்தில் கும்பிட்டுவிட்டு இறங்கலாம். அதற்கும் வசதிப்படாத நாளில், பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் பத்திரகாளி அம்மன் வாசலில் இரண்டு நிமிடம் நின்றாலும் போதும். நின்று கும்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வவுனியாவில் பொறுப்பேற்கிறேன். பிள்ளைகளை அம்மாவும் தம்பியும் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளி பின்னேரம் ஹொரவப்பொத்தானை வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் இரவுக்குள் வீடு. அதனால் கோணேசருக்கான விடியற்காலையைச் சனிக்கு மாற்றியிருக்கிறேன். மகா சிவராத்திரி முடிந்து சுவாமி நகர்வலம் வரும் நாட்களுக்கு இப்போதே லீவு குறித்து வைத்தாயிற்று. எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் அவர் வரும்போது நிறைகுடம் வைக்க வீட்டில் நான் இருக்க வேண்டும்.