வெள்ளைக் கொக்குகள்: களக் குறிப்புகள்

அக்டோபர் 12, மதுராந்தகம் பக்கத்து வயல்

சேற்றுழவு நடக்கிறது. டிராக்டர் பின்னால் ஓடும் கூட்டத்தில் பெரும்பாலானவை உண்ணிக்கொக்கு. கட்டைக் கழுத்து, குட்டை மஞ்சள் அலகு, அலகுக்கு அடியில் உப்பிய தாடை. தலையிலும் கழுத்திலும் ஏறும் ஆரஞ்சு நிறம் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது. மற்ற மாதங்களில் அதைத் தேடிப் பயனில்லை. தண்ணீரே இல்லாத புல்தரையிலும் மாட்டின் காலடியில் மேயும் கொக்கு இதுதான்.

தண்ணீர் தேங்கிய மூலையில் ஒல்லியாகச் சின்னக் கொக்கு. கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் பாதம். ஒரு காலைச் சேற்றில் துழாவி இரையைக் கிளப்பும். சேற்றுக்குள் பாதம் தெரியாது, பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இளம் உண்ணிக்கொக்குக்கும் கொஞ்ச காலம் அலகு கறுப்பாக இருக்கும் என்பதால் அலகை மட்டும் நம்பக் கூடாது. இந்த இரண்டில் காலும் பாதமும் ஒரே நிறமென்றால் அது உண்ணிக்கொக்கு.

அக்டோபர் 13, அதே வயல்

வரப்பில் மடையான். உட்கார்ந்தால் மண் நிறம், எழுந்தால் இறக்கை பளீர் வெள்ளை. பறக்கும்போது மட்டும் பார்த்தவர்கள் இதையும் வெள்ளைக் கொக்குக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். முதுகின் பழுப்பைப் பார்த்தால் போதும்.

நவம்பர் 2, பள்ளிக்கரணை

பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா? பட்டியல்களில் அதிகம் தவறும் ஜோடி இது. இரண்டுக்கும் இப்போது அலகு மஞ்சள், கால் கறுப்பு. தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை வைத்து முடிவு செய்வது வீண். பக்கத்தில் சாம்பல் நாரை இருந்தால் நல்லது: பெரிய கொக்கு அதன் உயரத்துக்கு வந்துவிடும், நடுத்தரக் கொக்கு வராது.

துணை இல்லையென்றால் வாய்க்கோடு. அலகின் பிளவு கண்ணுக்கு நேர் கீழே நின்றால் நடுத்தரக் கொக்கு; கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு. தலை முழுப் பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். முக்கால்வாசி திரும்பிய தலையில் கோடு குறுகித் தெரியும். படம் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் வழுக்குவது இங்கேதான். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, 20 மடங்கு தொலைநோக்கியில் பார்த்தால் கோடு தெளிவாகத் தெரியும்.

கழுத்தும் உதவும். பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் முறிந்தாற்போல ஒரு மடிப்பு. நடுத்தரக் கொக்கின் தலை உருண்டை, அலகு குட்டை. அலகு நுனியில் பெரும்பாலும் கறுப்புத் தீற்றல் இருக்கும்.

டிசம்பர் 28, வேடந்தாங்கல்

கூடு கட்டும் பருவம். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மஞ்சள் அலகு கறுத்துவிட்டது, நவம்பர் மாதத்து விதிகளில் பாதி இங்கே செல்லாது. கறுத்த அலகைக் கண்டதும் சின்னக் கொக்கு என்று எழுதுவது இந்த மாதத்துப் பிழை.

கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட தோலைப் பார்க்கலாம்: பெரிய கொக்குக்கு நீலப்பச்சை, நடுத்தரக் கொக்குக்கு மஞ்சள். அலங்கார இறகு இன்னும் உறுதியானது. பிடரியில் நாடாபோல இரண்டு நீள இறகு தொங்கினால் சின்னக் கொக்கு. மார்பிலும் முதுகிலும் இருந்தால் நடுத்தரக் கொக்கு. முதுகில் மட்டுமென்றால் பெரிய கொக்கு. வாய்க்கோடு எந்த மாதமும் மாறாது.

ஜனவரி 11, கோடியக்கரை

உப்பங்கழி ஓரம் கரைக் கொக்கு. கருஞ்சாம்பல் உடலும் வெள்ளைத் தொண்டையும் உள்ள வடிவத்தில் குழப்பமில்லை. சிக்கல் அதன் வெள்ளை வடிவத்தில்தான், சின்னக் கொக்கின் அச்சு. அலகு தடித்து, நுனியில் லேசாக வளைந்து, பழுப்பு மஞ்சளாக இருக்கும். பாதத்தின் மஞ்சள் காலில் கொஞ்சம் மேலேறும். ஆனால் இளம் சின்னக் கொக்குக்கும் அலகும் காலும் வெளிறியிருக்கும். ஆகவே நிறத்தை விட்டு அலகின் தடிமனை எடைபோட வேண்டும். அதுவும் தீர்க்கவில்லையென்றால் பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ‘இரண்டில் ஒன்று’ எனப் பதியும் வசதி இருக்கிறது.